நீ யாருடைய பிள்ளை? தவக்காலச் சோதனைகளை எதிர்கொள்ள பர்மா தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தவக்காலம் நெருங்கினாலே நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: இந்த வருஷம் எதை விடப் போகிறாய்? ஒருவர் வெற்றிலையை விடுகிறார், ஒருவர் பீரை விடுகிறார், பிள்ளைகள் மிட்டாயை விடுகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் இரண்டாம் வாரம் முடிவதற்குள் பலர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறோம். மனவுறுதி போதவில்லை என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். வரிசை தப்பிப்போனதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நான் யாருடைய பிள்ளை என்பது உறுதியான பிறகுதான் எதை விடுவது என்ற கேள்விக்குப் பலம் வரும். நற்செய்தியில் இயேசுவுக்கும் அந்த வரிசையில்தான் நடந்தது.

இந்த நாட்டில் தமிழ்க் கிறிஸ்தவராக வாழ்பவருக்கு இது இன்னும் ஆழமாகத் தைக்கும். பர்மியர் நடுவே நாம் இந்தியர். தமிழர் நடுவே பெரும்பாலோர் இந்துக்கள், அங்கே நாம் வேதக்காரர். கிறிஸ்தவர் நடுவே கரேன், கச்சின், சின் மக்களே அதிகம், அங்கேயும் ஓரத்து பெஞ்சில் நாம். தமிழ்நாட்டுக்குப் போனால் பர்மாக்காரர். எங்கே போனாலும் யாரோ ஒருவர் நம்மை நிரூபிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நிரூபித்து நிரூபித்துக் களைத்த மனசு சோதனைக்குச் சீக்கிரம் இளகும். அதனால்தான் ரங்கூனிலும் பகோவிலும் தாட்டோனிலும் மோல்மேனிலும் இருக்கும் நம் மக்களை மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கத்தோலிக்க முறையில் எழுதினாலும், லெந்து நாட்கள் என்று சொல்லும் மற்ற சபையாரும் ஒன்றிரண்டு இடங்களைத் தவிர அப்படியே பின்பற்றலாம்.

1. சாம்பல் புதனுக்கு முன்: உங்கள் ஞானஸ்நான நாளைக் கண்டுபிடியுங்கள்

பிறந்த நாள் எல்லாருக்கும் தெரியும். ஞானஸ்நானம் பெற்ற நாள் எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மாவிடம் கேளுங்கள், ஞானத்தாய் ஞானத்தந்தை உயிரோடு இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், பங்குக் கோயில் பதிவேட்டில் பாருங்கள். 1942இல் நடந்தே நாட்டை விட்டுப் போன குடும்பங்கள், கடைகள் அரசுடைமையான பின் 1964 வாக்கில் கப்பல் ஏறிய குடும்பங்கள், அவர்களில் விடுபட்டு இங்கேயே தங்கியவர்கள் என்று நம் வரலாறு சிதறிக் கிடப்பதால் சிலருக்குக் காகிதம் கிடைக்காமல் போகலாம். பரவாயில்லை. எந்த ஊர், எந்தக் கோயில், கையில் ஏந்தி நின்றது யார் என்பதாவது தெரிந்தால் போதும். அதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இந்த நோட்டு உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் வேண்டும்.

இதை ஏன் முதல் வேலையாகச் சொல்கிறேன்? நம் கையில் ஏற்கெனவே ஓர் அட்டை இருக்கிறது. அதில் இனம் எழுதியிருக்கிறது, மதம் எழுதியிருக்கிறது. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி ஒருவருக்கு இளஞ்சிவப்பு அட்டை, ஒருவருக்கு நீலம், ஒருவருக்குப் பச்சை. சிலருக்கு எதுவுமே இல்லை. அந்த நிறத்தை வைத்து நம் மதிப்பை நாமே அளக்கத் தொடங்கிவிடுகிறோம், அது வெளியே தெரிவதுகூட இல்லை. பெயர் விஷயமும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர், கோயிலில் புனிதர் பெயர். மூன்று பெயர் வைத்துக்கொள்வதில் பாவம் எதுவும் இல்லை, இங்கே பிழைக்க அது தேவைப்பட்டது. ஆனால் தனியாக உட்கார்ந்திருக்கும்போது இந்த மூன்றில் நான் யார் என்ற குழப்பம் வரும். எசாயா 43ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை அந்த நோட்டில் எழுதுங்கள்: பெயர் சொல்லி உன்னை அழைத்தேன், நீ எனக்கு உரியவன் என்று ஆண்டவர் சொல்லும் இடம் அது. நாடு கடத்தப்பட்டு, அந்நிய ஊரில் அந்நிய மொழிக்கு நடுவே வாழ்ந்த மக்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை என்பதையும் மனதில் வையுங்கள்.

2. சோதனையை அதன் இடத்தில் வைத்து வாசியுங்கள்

தவக்காலத்தின் முதல் ஞாயிறு எந்த ஆண்டாக இருந்தாலும் பாலைவனச் சோதனைதான் வாசகம். மத்தேயு வாசிக்கும் ஆண்டில் கோயிலில் அது 4ஆம் அதிகாரத்தில் தொடங்கிவிடுவதால் ஒரு முக்கியமான விஷயம் நம் கண்ணில் படுவதில்லை. நீங்கள் வீட்டில் மத்தேயு 3:13 தொடங்கி 4:11 வரை நிறுத்தாமல் வாசியுங்கள். யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெறுகிறார், வானம் திறக்கிறது, இவர் என் அன்பு மகன் என்று தந்தை சொல்கிறார். இயேசு அதுவரை ஓர் அற்புதமும் செய்யவில்லை, ஒரு பிரசங்கமும் வைக்கவில்லை. எதையும் சாதிக்கும் முன்பே கிடைத்த பெயர் அது. அடுத்த வரியிலேயே பாலைவனம். அலகையின், அதாவது சாத்தானின், முதல் வார்த்தை என்ன? நீர் இறைமகன் என்றால்! அப்பா சொன்னதையே சந்தேகமாக மாற்றிக் கேட்கிறான். பசியைத் தொடும் முன் அடையாளத்தைத் தொடுகிறான்.

மூன்று சோதனைகளையும் நம் ஊரில் வைத்துப் பார்ப்போம்.

கல்லை அப்பமாக்கச் சொல்வது முதலாவது. பசி பொய் கிடையாது. நாற்பது நாள் சாப்பிடாதவருக்குப் பசி வருவது பாவமும் கிடையாது. உன் தேவையை நீயே, இப்போதே, எப்படியாவது தீர்த்துக்கொள், உனக்காக யாரும் வரப்போவதில்லை என்ற குரல்தான் சோதனை. ரங்கூனில் அந்தக் குரல் டீக்கடை மேசைக்கே வரும். தாய்லாந்துப் பங்குச்சந்தை எண்ணை வைத்து நண்பகலிலும் மாலையிலும் ஓடும் 2டி என்ற எண் சூதாட்டம், மாதம் இரண்டு முறை வரும் 3டி. வாடகை பாக்கி, மருந்துச் செலவு, அரிசி விலை. இரண்டு எண் சரியாக விழுந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தோன்றும். அதை விளையாடுகிறவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். நான் கைவிடப்பட்டவன், என்னை நானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பயம்தான் அவர் கையில் அந்தக் காகிதத்தைக் கொடுக்கிறது. இயேசு இணைச்சட்டம் 8:3ஐ எடுத்துப் பதில் சொல்கிறார். மன்னாவைப் பற்றிய பகுதி அது. அன்றன்றைக்கு வேண்டிய உணவைத் தந்து வழிநடத்திய தந்தையை நினைவுபடுத்தும் பகுதி.

இரண்டாவது, கோயில் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்வது. இங்கே அலகையே வசனம் சொல்கிறான், திருப்பாடல் 91ஐ. பக்தியுள்ள வீடுகளில்தான் இந்தச் சோதனை அதிகம். பிப்ரவரியில் ஞாங்லெபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றி வைக்கிறோம், பிள்ளைக்கு விசா கிடைக்க வேண்டும் என்று கேட்கிறோம். கேட்பது தப்பே இல்லை. கெத்சமனியில் இயேசுவே கேட்டார். ஆனால் கிடைக்காவிட்டால் நீர் என்னை நேசிக்கவில்லை என்று முடிவுகட்டும் இடத்துக்கு மனசு போகும்போது நாம் உச்சியில் நிற்கிறோம். மகன் என்பதற்குத் தந்தை அத்தாட்சி காட்ட வேண்டும் என்று கேட்கிறோம். கடவுளைச் சோதிக்காதே என்ற இயேசுவின் பதில் (இணைச்சட்டம் 6:16) இஸ்ரயேலர் மாசாவில் தண்ணீருக்காக, ஆண்டவர் எங்களோடு இருக்கிறாரா இல்லையா என்று சண்டை போட்ட சம்பவத்தைக் குறிக்கிறது. யாத்திராகமம் 17ஐயும் அன்றைக்கு வாசித்துவிடுங்கள்.

மூன்றாவதில் 'இறைமகன் என்றால்' என்ற வார்த்தையே இல்லை. கவனித்தீர்களா? உலக அரசுகளைக் காட்டி, என்னை வணங்கு, எல்லாம் உனக்கு என்கிறான். யாருடைய மகன் என்பதையே மறந்துவிடச் சொல்கிறான். வேலைக்காகக் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளுவது, முதலாளி சொன்னார் என்று பொய்க் கணக்கு எழுதுவது, செல்வாக்குள்ளவர் நம்மவரைக் கேலி செய்யும்போது சேர்ந்து சிரிப்பது. சின்ன விஷயங்கள்தான். ஒவ்வொன்றிலும் நாம் எங்கோ மண்டியிடுகிறோம்.

இரண்டாம் ஞாயிறு வாசகம் உருமாற்றம். மலைமேல் அதே குரல் மறுபடி ஒலிக்கிறது: இவர் என் அன்பு மகன். முதல் ஞாயிறு கிளப்பிய சந்தேகத்துக்குத் திருச்சபை ஒரு வாரத்திலேயே பதில் வைத்திருக்கிறது.

3. உங்கள் சோதனைக்குப் பெயர் வையுங்கள்

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், பாருங்கள். இரவு படுக்கும் முன் அந்த நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எப்போது தடுமாறினேன், எங்கே, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. மூன்றாவதுதான் உண்மையைச் சொல்லும். வேலையிடத்தில் 'கலா' (இந்தியரை இழிவாகச் சொல்லும் பர்மியச் சொல்) என்று ஒருவர் கூப்பிட்ட நாள் மாலையில்தான் பீர் ஸ்டேஷனுக்குக் கால் போகிறது என்று சிலர் கண்டுபிடிப்பார்கள். கரண்ட் போன இரவுகளில்தான் செல்போனில் பார்க்கக்கூடாததைப் பார்க்கிறேன் என்று சிலர். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஃபேஸ்புக்கில் படம் போட்ட அன்றைக்குத்தான் மனைவியிடம் எரிந்துவிழுகிறேன் என்று சிலர்.

பெயர் வைக்க ஒரு பழைய கருவி உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்து 399இல் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி, மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பணஆசை, துயரம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. பின்னால் பெரிய கிரகோரியார் என்ற திருத்தந்தை இதை மாற்றி அமைத்ததிலிருந்துதான் நாம் மறைக்கல்வியில் படித்த தலையான பாவங்கள் ஏழு வந்தன. எட்டில் துயரமும் சோர்வும் இருப்பதைப் பாருங்கள். எவாகிரியுஸ் சோர்வை நண்பகல் பேய் என்றார். சூரியன் நகராதது போல இருக்கும், செய்யும் வேலை வீண் என்று படும், வேறெங்காவது போய்விட்டால் எல்லாம் சரியாகும் என்று தோன்றும். 2024 பிப்ரவரியில், சாம்பல் புதனுக்கு நான்கு நாள் முன்னால் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்தது. அதன்பின் நம் இளைஞர்களிடம் இந்தச் சோர்வு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது அவர்கள் அம்மாக்களுக்குத் தெரியும். வெளிநாடு போக நினைப்பதைச் சோதனை என்று நான் சொல்லவில்லை, பல வீடுகளில் அது உயிர் காக்கும் முடிவு. இங்கே இருக்கும் என் வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்ற எண்ணம்தான் சோதனை.

சோர்வு என்று கண்டுபிடித்தவர்கள் அடுத்த படிக்கு அவசரப்பட வேண்டாம். 1 அரசர்கள் 19இல் எலியா செத்துப்போகிறேன் என்று படுத்துவிடுகிறார். வானதூதர் புத்தி சொல்லவில்லை. ரொட்டியும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி தூதர் எழுப்பிச் சாப்பாடு தருகிறார். அதன் பிறகுதான் நாற்பது நாள் நடை. உங்களுக்கும் சில நாள் தூக்கமும் சூடான சோறும்தான் முதல் தவமுயற்சியாக இருக்கலாம்.

4. ஒன்று விடுங்கள், ஒன்று சொல்லுங்கள், ஒன்று கொடுங்கள்

சட்டம் சுருக்கமானது. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி: ஒரு வேளை முழுச் சாப்பாடு, தேவையானால் மற்ற இரு வேளை கொஞ்சமாக. 18 வயது முடிந்தவர்களுக்கு, 59 வயது நிறையும் வரை. சாம்பல் புதனிலும் தவக்கால வெள்ளிகளிலும் சுத்தபோசனம், 14 வயது முடிந்தவர்கள் இறைச்சி தவிர்க்க வேண்டும். சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்புக்கு முந்தின நாள் வரை 46 நாள், அதில் ஆறு ஞாயிறு போக நாற்பது. ஞாயிறு எப்போதும் உயிர்ப்பின் நாள் என்பதால் அன்றைக்கு நோன்பு இல்லை.

மார்ச், ஏப்ரல் இங்கே கொளுத்தும் மாதங்கள். தண்ணீர் குடிப்பதை ஒருபோதும் குறைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வெயிலில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒருசந்தி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதைச் சொன்னால் நம் பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம். காலையில் மொஹிங்கா (மீன் நூடுல்ஸ்), மதியம் மீன்குழம்பு, கூடவே ஙாப்பி (மீன் விழுது) என்று மீனிலேயே வாழும் ஊரில் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பது பலருக்கு உறைப்பதே இல்லை. இறால் வாங்கி விருந்தாகச் சமைத்துவிட்டு நோன்பு என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது? சட்டத்தை அனுசரித்துவிட்டு, முதல் வாரத்து நோட்டு எதைக் காட்டியதோ அதையும் விடுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எது இல்லாவிட்டால் நான் நானில்லை என்று எனக்குப் படுகிறது? கூன்யாவா (வெற்றிலைச் சுருளா), லைக்குகளா, எப்போதும் நான் சொல்வதே சரி என்பதா? அங்கேதான் அடையாளம் தப்பான ஆணியில் மாட்டியிருக்கிறது. ஒன்றே ஒன்றை எடுங்கள், போதும்.

செபத்துக்கும் நீளமான திட்டம் வேண்டாம். காலையில் செல்போனைத் தொடும் முன் ஐந்து நிமிஷம், உரோமையர் 8:14 முதல் 17 வரை. அடிமைக்குரிய பயத்தை அல்ல, அப்பா என்று கூப்பிடும் ஆவியைப் பெற்றீர்கள் என்கிறது அது. பயம் நிறைந்த நாட்டில் தினமும் வாசிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வெள்ளியன்று சிலுவைப்பாதை. பதினான்கு நிலைகளையும் கோயிலுக்குப் போய்ச் செய்ய முடியாதவர்கள் வீட்டில் சுவரைப் பார்த்து நின்றே செய்யலாம்.

கொடுப்பதைப் பற்றி: 2025 மார்ச் 28, தவக்கால வெள்ளிக்கிழமை, நண்பகல் தாண்டிய நேரம், 7.7 அளவு நிலநடுக்கம் மண்டலேயையும் சகாய்ங்கையும் உலுக்கியது. அன்று வெள்ளித் தொழுகைக்கு வந்திருந்த முஸ்லிம்கள் பலர் பள்ளிவாசல்களில் இறந்தார்கள். விகாரைகள், கோயில்கள், வீடுகள் விழுந்தன. அந்தத் தவக்காலத்தில் தர்மத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அப்படி ஒரு நாள் வராவிட்டாலும் நோன்பில் மிச்சமாகும் காசு வீட்டு உண்டியலில் தங்கிவிடக்கூடாது. அது யாருக்கு என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். முடிந்தால் நம் மதமோ நம் மொழியோ இல்லாத ஒருவருக்குக் கொடுங்கள். கொடுத்ததைப் படம் எடுத்துப் போடாதீர்கள். சாம்பல் புதன் நற்செய்தி (மத்தேயு 6) மறைவாய் உள்ள தந்தையைப் பற்றி மூன்று தடவை பேசுகிறது. யாரும் பார்க்காதபோதும் நான் அவர் பிள்ளைதான் என்று பழகிக்கொள்வதற்காகவே அந்த மறைவு.

5. சோதனை வந்து நிற்கும் அந்த நேரத்தில்

இயேசு அலகையோடு விவாதம் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு வசனம், அதோடு சரி. மூன்றும் இணைச்சட்டம் 6, 8 அதிகாரங்களிலிருந்து. அந்தப் பகுதி அவருக்கு மனப்பாடமாக இருந்தது. எவாகிரியுஸும் இதைப் பார்த்துத்தான் எட்டு எண்ணங்களுக்கும் பதிலாக ஏறத்தாழ 500 வேதப் பகுதிகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். உங்களுக்கு ஒன்று போதும். நீங்கள் பெயர் வைத்த சோதனைக்கு நேராக நிற்கும் வசனம், நீங்கள் கனவு காணும் மொழியில். தமிழா பர்மியமா என்பது பிரச்சினையே இல்லை.

அப்புறம் இதைச் செய்யுங்கள். எண்ணம் வந்ததும் அதற்குப் பெயர் சொல்லுங்கள்: இது கோபம், இது பணஆசை. நான் கெட்டவன் என்று சொல்லாதீர்கள். எண்ணம் வாசலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான், நீங்கள் இன்னும் கதவைத் திறக்கவில்லை. வசனத்தை உதடு அசையச் சொல்லுங்கள். சொன்ன கையோடு இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். டீக்கடையில் எண் எழுதும் ஆள் வரும் நேரம் தெரியும் என்றால் அந்த நேரத்துக்கு முன்பே கிளம்புங்கள். செல்போன் என்றால் அதை வேறு அறையில் வைத்துச் சார்ஜ் போடுங்கள். ஓடிப்போவது கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம், யோசேப்பு மேலாடையை விட்டுவிட்டு ஓடினவர்தான். பத்து நிமிஷம் தாண்டியும் எண்ணம் போகவில்லை என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

6. ஒருவரிடமாவது சொல்லுங்கள்

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சி விதிகளில், அலகை ரகசியக் காதலனைப் போல நடந்துகொள்வான் என்கிறார். ஒரு பெண்ணை ஏமாற்ற நினைப்பவன் தன் பேச்சு அவள் அப்பா காதுக்குப் போகக்கூடாது என்று பார்த்துக்கொள்வான். போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. நம் குடும்பங்களில் மானம், மரியாதை என்ற பேரில் காக்கப்படும் ரகசியங்கள்தான் சோதனைக்கு நிழல் கொடுக்கின்றன.

ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வாய் காக்கிறவர், உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், உங்களைப் பார்த்து அதிர்ச்சி அடையாதவர். அண்ணனாக இருக்கலாம், ஞானத்தந்தையாக இருக்கலாம், பக்கத்து பெஞ்சில் உட்காரும் கரேன் அக்காவாகவும் இருக்கலாம். வாரம் ஒரு முறை அவரிடம் பேசுங்கள். கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்துக்குத் தவக்காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம், மூன்றாம் வாரத்திலேயே போய்விடுங்கள். தமிழ் தெரிந்த சாமியார் கிடைக்காவிட்டால் பர்மிய மொழியில் சொல்லுங்கள், வார்த்தை தட்டினாலும் பரவாயில்லை. மற்ற சபையார் போதகரிடமோ மூப்பரிடமோ பேசலாம்.

குடி, போதை, சூது பிடித்துப்போனவர்களுக்கு நோன்பு மட்டும் மருந்தாகாது. நீண்ட காலம் தினமும் குடித்தவர் சாம்பல் புதனன்று திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் போவதும் தவமுயற்சிதான்.

7. விழுந்துவிட்டால்

விழுவீர்கள் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். இந்த இடத்தில் எனக்குப் பேதுருவை விட்டால் வேறு துணை இல்லை. தலைமைக் குருவின் முற்றத்தில் அவரைச் சோதித்தது பணமோ பசியோ கிடையாது. நீயும் அவர்களுள் ஒருவன்தானே என்ற கேள்வி. மூன்றாம் முறை பக்கத்தில் நின்றவர்கள் சொல்வதை மத்தேயு 26:73இல் பாருங்கள்: உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது. கலிலேயக் கொச்சை! பர்மிய மொழி பேசும்போது நம் நாக்கில் தமிழ் எட்டிப்பார்க்க, எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை அறிந்தவர்களுக்கு அந்த முற்றத்தின் குளிர் புரியும். ஊர்க்காரன் என்று தெரிந்துவிட்டது, இனி என்ன ஆகுமோ என்ற பயத்தில்தான் பேதுரு சத்தியம் செய்து மறுத்தார்.

அந்தப் பேதுருவிடம் இயேசு பிறகு எப்படி நடந்துகொண்டார்? யோவான் நற்செய்தியில் பேதுரு மறுதலித்தது கரி நெருப்பின் அருகே. கடைசி அதிகாரத்தில் கடற்கரையில் இயேசு காத்திருப்பதும் கரி நெருப்பு மூட்டித்தான். அங்கே மீன் வெந்துகொண்டிருக்கிறது. சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறார். சாப்பிட்டு முடிந்தபின்தான் கேள்வி. ஏன் மறுத்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. யோவானின் மகன் சீமோனே என்று அப்பா பெயரோடு அழைத்து, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். வேலையையும் அவரிடமே திருப்பித் தருகிறார்.

ஆகவே விழுந்த அன்று செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். அன்றிரவே நோட்டில் எழுதுங்கள், துணைக்கு வைத்திருப்பவரிடம் மறுநாளே சொல்லுங்கள், அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். தண்டனையாக இரட்டிப்பு நோன்பு வேண்டாம். அது பெரும்பாலும் அவமானத்திலிருந்து வரும் கோபம். இஞ்ஞாசியார் இன்னொன்றும் சொல்வார்: மனம் இருண்டு கிடக்கும் நேரத்தில், வெளிச்சமாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. நான்காம் வாரத்தில் இது எதற்கு என்று தோன்றும்போது இந்த விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

8. திஞ்சானும் பரிசுத்த வாரமும் மோதும்போது

இது பல நாட்டுக் கிறிஸ்தவருக்கு இல்லாத சிக்கல். ஏப்ரல் நடுவில் திஞ்சான் நீர்த்திருவிழா, 17ஆம் தேதி பர்மியப் புத்தாண்டு. 2022இல் புத்தாண்டு நாளும் உயிர்ப்பு ஞாயிறும் ஒரே நாள், பெரிய வெள்ளி திஞ்சானுக்கு நடுவில் விழுந்தது. 2025இல் குருத்து ஞாயிறு முதல் பெரிய வியாழன் வரை திஞ்சானும் புத்தாண்டும். 2028இல் உயிர்ப்பு ஏப்ரல் 16, மறுபடி அதே மோதல். தெருவெல்லாம் தண்ணீர், பாட்டு, சாராயம், நண்பர்கள் லாரியில் வந்து கூப்பிடுவார்கள். போகாவிட்டால், நீ எங்களில் ஒருவன் இல்லையா என்பார்கள். அதே பழைய கேள்வி.

என் கருத்து இது. தண்ணீரை நாம் பகைக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்களின் தலை கழுவி, நகம் வெட்டி, மரியாதை செய்யும் வழக்கம் திஞ்சானில் உண்டு. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு அதைவிட நெருக்கமான வழக்கம் இந்த நாட்டில் இல்லை, தாராளமாகச் சேர்ந்து செய்யுங்கள். பௌத்தர்கள் பலரும் அந்த நாட்களில் விகாரைக்குப் போய் எட்டுச் சீலம் (எட்டு ஒழுக்க விதிகள்) எடுத்து, மதியத்துக்குப் பின் சாப்பிடாமல் இருப்பார்கள். எனக்கும் இது நோன்பு நாள் என்று சொன்னால் அவர்களுக்கு நன்றாகவே புரியும். நாம் சொல்லக் கூச்சப்படுவதுதான் சிக்கல். ஒரு வாரம் முன்னதாகவே நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள், லாரி வாசலில் வந்து நின்ற பிறகு சொல்வது கஷ்டம். பெரிய வெள்ளி அன்று மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

இந்து உறவினர் வீடுகளிலும் இதே காலத்தில் பங்குனி உத்திரக் காவடி வரும். உயிர்ப்பைக் கணக்கிடும் பௌர்ணமியும் பங்குனிப் பௌர்ணமியும் பல வருஷங்களில் ஒன்றுதான். மாமா வீட்டுச் சாப்பாட்டை மறுப்பது எப்படி என்று பதறாமல், அன்பாகச் சொல்லி, வேறு நாள் போய்ச் சாப்பிடுங்கள். அவர்களும் விரதம் தெரிந்த மக்கள்தான்.

9. பாஸ்கா இரவும் அதற்குப் பின்னும்

உயிர்ப்புத் திருவிழிப்பு எத்தனை மணிக்கு என்று பங்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், நிலைமைக்கு ஏற்ப நேரம் மாறலாம். அந்த வழிபாட்டில் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் நேரம் வரும். அலகையை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கும்போது பழக்கத்தில் பதில் சொல்லாமல், நோட்டில் நீங்கள் பெயர் வைத்ததை மனதில் நிறுத்தி 'விட்டுவிடுகிறேன்' என்று சொல்லுங்கள். விட்டுவிடுகிறேன் என்பது முதலில், நம்புகிறேன் என்பது அடுத்து. கையில் பிடித்திருக்கும் மெழுகுதிரி ஞானஸ்நானத்தன்று உங்கள் ஞானத்தந்தை ஏற்றிப் பிடித்ததன் தொடர்ச்சி.

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி நோட்டைப் பிரித்துப் பாருங்கள். நோன்புக்காக விட்ட நல்ல விஷயங்களை, சாப்பாட்டை, இனிப்பை, சினிமாவை, மகிழ்ச்சியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2டி, போதை, பொய்க் கணக்கு போன்றவற்றை எடுக்கக்கூடாது, அவை நோன்புக்காக விட்டவை அல்ல. துணைக்கு வைத்திருக்கும் அந்த ஒருவரோடு வாராந்தரப் பேச்சை மட்டும் பெந்தெகொஸ்தே வரை தொடருங்கள். தவக்காலம் நாற்பது என்றால் உயிர்ப்புக் காலம் ஐம்பது நாள், பழைய பழக்கங்கள் திரும்பிவரப் பார்ப்பது அந்த முதல் இரண்டு வாரங்களில்தான்.